காப்புறுதியில்லா வாகனம்



ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்கு மோட்டார் சைக்கிளில் செல்வோர் நம்மிடையே உண்டு. அந்நாட்டின் 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி, காப்புறுதியின்றி வாகனம் ஓட்டுவது குற்றமாகும். 1,000 வெள்ளி வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சிறப்புக் காரணம் உண்டென நீதிமன்றம் கருதினாலன்றி, 12 மாதங்களுக்கு வாகனம் ஓட்டும் உரிமையும் பறிபோகும். அத்தகைய வாகனத்தைப் பிறருக்கு இரவல் கொடுப்பவரும் குற்றவாளியே.

சம்மன் கிடைத்தால் ஒதுக்கிவிடாதீர்கள். குறித்த நாளில் நீதிமன்றம் செல்லுங்கள். சம்பவத்தன்று காப்புறுதி நடப்பில் இருந்திருப்பின், சான்றிதழைக் காட்டுங்கள். பின்னர் எடுத்த காப்புறுதி முன்னைய குற்றத்தைப் போக்காது.

விபத்தில் அடிபட்டவரின் குடும்பம் இழப்பீடின்றித் தவிக்கலாகாது என்பதே இச்சட்டத்தின் நோக்கம். ஆதலின், புறப்படுமுன் சான்றிதழின் இறுதித் தேதியைப் பாருங்கள்.