பின்பனிக் குளிரும் வானிலை அறிக்கையும்



மாசியும் பங்குனியும் பின்பனிக் காலமென முன்னோர் வகுத்தனர். சேலம், நாமக்கல் சமவெளியில் மாசியிலேயே வெயில் ஏறிவிடுவதால் குடியானவர்கள் இரவுக் குளிரை மறந்துவிடுகின்றனர். மேகமற்ற வறண்ட வானத்தின் கீழ், பூமி பகலில் ஏற்ற உஷ்ணத்தை இரவில் விரைந்து இழக்கிறது. சேர்வராயன், கொல்லிமலைச் சரிவுகளின் குளிர்ந்த காற்றும் அடிவாரத்தில் இறங்கித் தங்குகிறது. ஆகவே சில வருஷங்களில் பருவந் தப்பிய குளிர் நீடிக்கிறது.

இதனால் முதலில் நஷ்டமடைவோர் கோழி வளர்ப்போரே. முதல் வாரக் குஞ்சுகளுக்கு ஏறக்குறைய 35 டிகிரி சென்டிகிரேடு சூடு வேண்டும். குறைந்தால் ஒன்றன்மேலொன்று நெருங்கி மூச்சு முட்டி மடியும். குஞ்சு மடிந்தாலும் கடன் தவணை நிற்பதில்லை. ஆதலால் அந்தி சாயுமுன்பே சூட்டு விளக்குகளை ஏற்றுதல் வேண்டும். படுதாவை இறக்கினாலும் கெட்ட காற்று வெளியேற மேலே இடைவெளி விடுதல் அவசியம். ஈரமேறிய மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் பூஞ்சை நஞ்சு உண்டாகக்கூடும். மூட்டைகளைச் சுவரில் ஒட்டாமல் பலகைமேல் அடுக்குவது நலம்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேளாண் வானிலைப் பிரிவு, மழை, வெப்பம், காற்று ஆகியவற்றின் முன்னறிவிப்பைச் செவ்வாய், வெள்ளிதோறும் வெளியிட்டு வருகிறது. அதனைச் சங்கப் பலகையில் எழுதி, படிக்கத் தெரியாத அங்கத்தினருக்கு வாசித்துக் காட்டுவது காரியதரிசியின் கடமையாகட்டும்.