கூடத்து யன்னல்கள்

பாட்டனார் முதல் பேரக்குழந்தை வரை ஒன்றுகூடியிருக்கும் பெரிய கூடத்துக்கு எத்தகைய யன்னல் பொருந்தும்? அழகைப் பார்த்துத் தெரிவோர் பலர். காற்றை எண்ணித் தெரிவோர் சிலரே.

யாழ்ப்பாணக் குடாநாட்டையே எடுத்துக்கொள்வோம். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோழகம் வீசும். மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடை வரும். ஆதலின் கூடத்தின் தெற்கிலும் வடக்கிலும் எதிரெதிரே யன்னல் வைத்தல் நன்று. புகுந்த காற்று வெளியேற வழியில்லையேல், ஒரே சுவரில் எத்தனை யன்னல் இருந்தும் பயன் குறைவே. மேற்குச் சுவரில் அகன்ற கண்ணாடி வேண்டாம். தாழ்ந்துவரும் மாலை வெயிலைத் தாழ்வாரமும் தடுக்காது.

இனி, வகைகளைப் பார்ப்போம். இரு கண்ணாடிகள் கொண்ட நழுவு யன்னல் இடத்தை மிச்சப்படுத்தும். ஆயின் 6 அடி அகலத்தில் 3 அடியே திறக்கும். கீலில் திறக்கும் இரட்டைக் கதவு யன்னலோ ஏறக்குறைய முழு அகலமும் வழிவிடும். சோழகத்தில் அடிபடாதிருக்கக் கொளுக்கி வேண்டும். சரிந்த மரச்சட்டங்கள் பொருத்திய யன்னல், மழை பெய்கையிலும் காற்றை உள்ளே விடும். தூசி துடைக்கும் வேலை மட்டும் சற்று அதிகம்.

தச்சரிடம் அளவு கொடுக்குமுன், கூடம் அமையும் இடத்தில் ஒரு பிற்பகல் கதிரை போட்டு அமர்ந்து பாருங்கள். மற்றோர் வேலைக்கும் பள்ளிக்கும் சென்றபின், பகல் முழுதும் அங்கே இருக்கப்போகிறவர் உங்கள் வயோதிபத் தாயார். அவர் அமர்ந்திருக்கும் உயரத்தில் காற்று வருமாறு யன்னலைத் தாழ்த்தி வையுங்கள். தெருவிலிருந்து பார்ப்போர் மெச்சும் யன்னலிலும் அதுவே சிறந்தது.