சாயம் யாருக்கு? உப்பு யாருக்கு?

(சங்கரன்கோவில் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



நெசவுத் தொழிலைப் பற்றியும், நிலமும் நீரும் கெடாமல் அத்தொழிலை நடத்துவது எப்படி என்பது பற்றியும் இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் துணியைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் யோக்கியதை உண்டு. இந்த ஊரில் பிறந்து, தறிச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவன். பத்து வருஷத்துக்கு மேல் திருப்பூரில் சாயப்பட்டறையில் கிடந்து கை வெந்தவன். ஆகையால் படித்ததைவிடப் பட்டதையே அதிகம் சொல்லப் போகிறேன். அது உங்கள் அறிவுக்குப் பொருத்தமாயிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே உதறிவிட்டுப் போங்கள்.

புற்றுமண்ணும் பிளீச்சிங் பவுடரும்

திருப்பூருக்குப் போன புதிதில் என்னைச் சலவைப் பகுதியில் போட்டார்கள். பிளீச்சிங் பவுடர்த் தண்ணீரிலும் காஸ்டிக் சோடாவிலும் வெறுங்கையை விட்டுத் துணி அலச வேண்டும். மூன்றே மாதத்தில் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, இரவில் அரிப்புத் தாங்காமல் எழுந்து உட்கார்ந்துகொள்ளுவேன். செய்தி ஊருக்கு எட்டியதும் என் தாயார் என்ன செய்தார்கள் தெரியுமா? நம் ஊர்க் கோயில் புற்றுமண்ணை ஒரு பொட்டலமாகக் கட்டி, ஊரிலிருந்து வந்த ஒரு பையனிடம் கொடுத்தனுப்பினார்கள். தோல் வியாதி தீர இந்த மண்ணைப் பூசுவதற்கு எங்கெங்கிருந்தோ ஜனங்கள் இங்கே வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நானும் பூசினேன். மறுநாள் காலையில் மறுபடியும் அதே தொட்டியில் கையை விட்டேன். மண் கரைந்தது, புண் நின்றது.

என் தாயாரை நான் குற்றம் சொல்லவில்லை. அந்த அம்மாளின் அன்பு உண்மையானது. ஆனால் ஒரு ஜோடி ரப்பர் கையுறை செய்யக்கூடிய காரியத்தை ஒரு வண்டி மண் செய்யாது. அதைவிட முக்கியம், “உன் கை ஏன் வெந்தது?” என்ற கேள்வியை அந்தப் பொட்டலம் கேட்கவிடாமல் செய்துவிட்டது. காரணத்தைக் கேட்டால் கையுறை வாங்கிக் கொடுக்க வேண்டியவன் முதலாளி என்று தெரிந்துவிடும். தலைவிதி என்றால் யாரும் காசு செலவழிக்க வேண்டியதில்லை! என் கைக்கு ஏற்பட்ட இதே கதிதான் பிறகு ஓர் ஆற்றுக்கும் ஏற்பட்டது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

உப்புக் கணக்கு

சாயம் போடுவது எப்படி என்று சுருக்கமாகச் சொல்லுகிறேன். நூலிலுள்ள கஞ்சியையும் எண்ணெய்ப் பசையையும் முதலில் போக்குவார்கள். பிறகு வெளுப்பார்கள். பிறகு சாயத் தொட்டி. இன்று பருத்திக்குப் பெரும்பாலும் போடுகிற சாயம், தண்ணீரை விட்டு நூலுக்குள் சுலபத்தில் போகாது. அதைப் பிடித்துத் தள்ளுவதற்கு உப்பு வேண்டும். கறுப்பு, நீலம், சிவப்பு போன்ற அழுத்தமான நிறங்களுக்கு லிட்டருக்கு 80 கிராம்கூட உப்புப் போடுவதுண்டு. ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் சாயத்தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ துணிக்கு 800 கிராம் உப்பு! ஒரு டன் துணிக்கு 800 கிலோ உப்பு!

இந்த உப்பில் துணியோடு கடைக்குப் போவது எவ்வளவு? ஒன்றுமில்லை. சாயத்திலேயே ஐந்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும், நூலில் ஒட்டாமல் கழுவு நீரில் போய்விடும். உப்போ அவ்வளவும் போய்விடும். நான் என் முதுகில் சுமந்து, வாயைப் பிரித்துக் கொட்டிய மூட்டைகளுக்குக் கணக்கே இல்லை. “இவ்வளவு உப்பும் எங்கே அண்ணே போகிறது?” என்று ஒருநாள் மேஸ்திரியைக் கேட்டேன். “கடலிலிருந்து வந்தது கடலுக்குப் போகுதுடா” என்றார். வேதாந்தம் போலத்தான் இருந்தது. ஆனால் திருப்பூருக்கும் கடலுக்கும் நடுவில் மனிதர்கள் குடியிருக்கிறார்களே, அதை அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

நொய்யலில் நடந்தது

நொய்யல் வெள்ளியங்கிரி மலைப் பக்கம் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடி, கரூர் ஜில்லாவில் காவேரியில் சேருகிற ஆறு. மழைக்காலம் போனால் தண்ணீர் குறைந்துவிடுகிற ஆறு. திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைக்குப் பக்கத்தில், ஒரத்துப்பாளையத்தில் விவசாயத்துக்கென்று ஓர் அணை கட்டி 1992-இல் முடித்தார்கள். அதே காலத்தில்தான் பனியன் ஏற்றுமதி கொடிகட்டிப் பறந்தது. நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் முளைத்தன. விளைவு என்ன? பாசனத்துக்குக் கட்டிய அணை சாயக்கழிவைத் தேக்கும் குட்டையாயிற்று. ஆற்றோரக் கிணறுகள் உப்பாயின. பயிர் கருகிற்று.

நதியைத் தாயென்றும் தெய்வமென்றும் பூசை போடுகிற நாடு இது. எல்லார் பாவத்தையும் கழுவுகிற தீர்த்தம் என்கிறோமே, அந்தத் தீர்த்தத்தால் ஒரு மூட்டை உப்பைக் கழுவிக்கொள்ள முடிந்ததா? ஆற்றைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் தண்ணீரைச் சோதித்து, கணக்கெழுதி, வழக்குப் போட்ட விவசாயிகள். 2006 டிசம்பரில் சென்னை ஐக்கோர்ட்டு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்றும், அந்த ஏற்பாடு முடியும்வரை வெளியே விடுகிற கழிவுக்கு லிட்டருக்கு இவ்வளவு காசு என்று தண்டம் கட்ட வேண்டும் என்றும் தீர்ப்புச் சொல்லிற்று. முதலாளிகள் டில்லிக்குப் போனார்கள். 2009 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டும் விவசாயிகள் பக்கமே நின்றது. அப்படியும் காரியம் ஒழுங்காக நடக்காமற் போகவே, 2011 ஜனவரி 28-ஆம் தேதி அத்தனை சாய, சலவைப் பட்டறைகளையும் மூடும்படி ஐக்கோர்ட்டு உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. அதில் நான் வேலை பார்த்ததும் ஒன்று.

ஒரு டம்ளர் தண்ணீர்

தோழர்களே, அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. “இந்த விவசாயிகளால்தான் நம் வயிற்றில் மண் விழுந்தது” என்று எல்லாரையும் போல நானும் திட்டினேன். ஊருக்குத் திரும்புவதற்கு முன்னே, என்னோடு வேலை பார்த்த ஒருவர் அணைப் பக்கத்திலுள்ள தம் கிராமத்துக்கு அழைத்துப் போனார். அவருடைய பெரியப்பா ஒரு வயதான குடியானவர். தென்னைகளெல்லாம் மட்டை காய்ந்து நின்றன. கிணற்றிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு என்னிடம் நீட்டி, “வாயில வெச்சுப் பாருங்க தம்பி. நீங்க மூட்டை பிரிச்சுக் கொட்டுனதுதானுங்க” என்றார். வாயில் வைத்தேன். விழுங்க முடியவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாயிருந்திருக்கும்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. வேலை போன தொழிலாளியும் கிணறு போன குடியானவனும் எதிரெதிரே நின்று திட்டிக்கொள்ளுகிறோம். ஆனால் அந்த உப்பைக் கொட்டியதனால் யாருக்கு லாபம்? கழிவைச் சுத்தம் செய்யும் செலவை மிச்சம் பிடித்த முதலாளிக்கு. அந்த மிச்சத்தால் விலையைக் குறைத்து வாங்கிய வெளிநாட்டு வியாபாரிக்கு. துணி மலிவு என்றார்களே, மலிவல்ல. பாக்கியைக் குடியானவனும், என் போன்றவன் கைத்தோலும் கட்டிற்று. அவ்வளவுதான் அந்த மலிவின் ரகசியம்.

இன்னொரு வேடிக்கை. சில சாயங்களிலிருந்து புற்றுநோய் உண்டாக்கும் பொருள் பிரிகிறது என்பதற்காக, உடுத்துகிறவர்களின் உடம்புக்கு ஆகாதென்று ஜெர்மனி 1994-இல் தடை போட்டது. நம் சர்க்காரும் 1997-க்குள் நூற்றுக்கு மேற்பட்ட சாயங்களைத் தடுத்தது. நல்ல காரியம். ஆனால் உடுத்துகிற தோலுக்குச் சட்டம் வந்து எத்தனை வருஷம் கழித்து ஆற்றுக்குத் தீர்ப்பு வந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்!

முடியாது என்றது முடிந்தது

“ஒரு சொட்டும் வெளியே விடாமல் சாயம் போடுவது நடவாத காரியம்” என்றார்கள். மூடிய பிறகு நடந்தது. 2011-இல் தமிழ்நாடு சர்க்கார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சீர் செய்யப்பட்டு, பட்டறைகள் மறுபடி திறந்தன. அதில் மந்திரமில்லை. முதலில் கழிவுநீரில் காற்றை ஊதி, நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கைத் தின்னச் செய்கிறார்கள். பிறகு நம் வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் போலவே பெரிய சவ்வுகளில் அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரிக்கிறார்கள். மிஞ்சிய உப்பு நீரைக் காய்ச்சி ஆவியாக்கி உப்பை எடுக்கிறார்கள். தண்ணீரும் மறுபடி பட்டறைக்கு. உப்பிலும் ஒரு பகுதி மறுபடி சாயத் தொட்டிக்கு!

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். காய்ச்சுவதற்கு மின்சாரமும் எரிபொருளும் ஏராளமாக வேண்டும். கசடு மிஞ்சுகிறது, அதை வைக்க இடம் வேண்டும். திருட்டுத்தனமாகக் கழிவை விடுகிறார்கள் என்ற புகார் அங்கங்கே வரத்தான் செய்கிறது. ஆனால் மின்சாரத்துக்கும் வழி உண்டு. கயத்தாறு பக்கம் காற்றாலை சுழலுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றாலை வைத்திருக்கிற நூல் மில்காரர்கள் நம் நாட்டில் அநேகர். நூல் நூற்கக் காற்று உதவுமானால் கழிவைச் சுத்தம் செய்ய உதவாதா?

புதிய தாயத்து

இனி ஓர் எச்சரிக்கை. இப்போது துணிகளில் பச்சை இலைப் படம் போட்ட சீட்டு ஒன்று தொங்குகிறது. “இயற்கைக்குக் கேடு செய்யாதது” என்று அதில் அச்சடித்திருக்கிறது. நேர்மையாகச் சோதித்துக் கொடுக்கிற சர்டிபிகேட்டுகளும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் சீட்டைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறவனுக்கும் தாயத்துக் கட்டிக்கொள்ளுகிறவனுக்கும் என்ன பேதம்? யார் சோதித்தார்கள், எதைச் சோதித்தார்கள், தண்ணீரையா துணியையா என்று கேட்காதவரை அதுவும் ஒரு தாயத்துத்தான்.

அதே போல, “நம் முன்னோர் போட்ட இலைச்சாயம், வேர்ச்சாயம் போதும்” என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நல்ல சாயந்தான். ஆனால் அதில் பலவற்றுக்கு நிறம் பிடிக்கப் படிகாரமோ இரும்புச் சத்தோ வேண்டும். அலசத் தண்ணீரும் வேண்டும். ஊர் முழுக்க அதில் உடுத்துவதானால் பயிரிட நிலமும் வேண்டும். முன்னோர் செய்தார்கள் என்பது ஒரு அத்தாட்சி ஆகாது. கழிவு எவ்வளவு, அது எங்கே போகிறது என்பதுதான் அத்தாட்சி.

நாம் செய்ய வேண்டியது

“இதெல்லாம் திருப்பூர்க் கதை; சங்கரன்கோவிலுக்கு என்ன?” என்று கேட்கலாம். நம் ஊர் விசைத்தறி ஊர். பாவில் ஏற்றுகிற கஞ்சியும், ஊடையில் ஓடுகிற நிறமும் எங்கேயோ ஒரு தண்ணீரில் தோய்ந்துதான் ஆக வேண்டும். நம் பக்கமோ மழையையும் குளத்தையும் நம்பி வாழுகிற சீமை. நம்மிடம் நொய்யல்கூட இல்லை. நாளைக்கு ஒருவர் வந்து “சாயப்பட்டறை வைக்கிறேன், ஆயிரம் பேருக்கு வேலை” என்றால் மாலை போட்டு மேளம் கொட்டாதீர்கள், கல்லெடுத்தும் எறியாதீர்கள். நான்கு கேள்வி கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து எடுப்பாய்? கழிவு எங்கே போகும்? உப்பையும் கசடையும் எங்கே வைப்பாய்? தண்ணீர்ச் சோதனைக் கணக்கை மாதாமாதம் ஊர் பார்க்கும்படி பலகையில் எழுதி மாட்டுவாயா? நான்காவதற்குச் சரி என்று சொல்லாதவன் முதல் மூன்றுக்குச் சொன்ன பதிலை நம்பாதீர்கள்.

வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில், கெடுத்தவனே நஷ்டம் கட்ட வேண்டும் என்று 1996-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாயிற்று. கெட்ட பிறகு கட்டச் செய்வதைவிட, கெடாமலிருக்கக் கட்டச் செய்வது மேல். அதனால் ஒரு சட்டைக்குச் சில ரூபாய் விலை கூடினால் கூடட்டும். அந்த ரூபாயை இத்தனை வருஷமாக ஒரத்துப்பாளையத்துக் குடியானவன் நமக்காகக் கட்டிக்கொண்டிருந்தான். அவனைக் கேட்காமலே கட்டவைத்தோம்.

ஆகவே தோழர்களே, தறியும் வேண்டும், குளமும் வேண்டும், கையில் தோலும் வேண்டும். மூன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ள வழி தெரிந்திருக்கிறது. தெரிந்தும் செய்யாமலிருந்தால் அதற்குத் தலைவிதி என்று பெயரல்ல. அன்று அந்தப் பெரியவர் நீட்டிய டம்ளரை நான் வாங்கினேன். நம் பேரப்பிள்ளைகள் நம்மிடம் அப்படி ஒரு டம்ளரை நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.