மருந்து கொடாமையும் வைத்தியமே



சென்ற தவணையிலே மாணவன் ஒருவனின் தந்தையார் என்னைக் காண வந்தார். மகனுக்கு மூன்று கிழமையாகக் காய்ச்சல், சோர்வு, கழுத்திலே நெறி. இரத்தத்தைச் சோதித்த வைத்தியர் சைற்றோமெகலோ வைரசுத் தொற்று என்று கண்டு, ஓய்வு போதுமென்று அனுப்பிவிட்டாராம். “நோயின் பெயரைச் சொன்னவர் மருந்தின் பெயரைச் சொல்லவில்லையே, சேர்!” என்று வருந்தினார்.

நான் கலைப் பட்டதாரி; வைத்தியம் கற்றவனல்லன். ஆயினும் பெற்றோர் பலருக்கும் எழக்கூடிய ஐயமாதலின், கற்றும் கேட்டும் தெளிந்ததைக் கூறுகின்றேன்.

தான் புகுந்த கலத்தைப் பருக்கச் செய்வதால், தோமஸ் வெல்லர் முதலிய அறிஞர் 1960 இல் இவ்வைரசுக்கு இப்பெயரை இட்டனர். உமிழ்நீராலும் சிறுநீராலும் இது பரவும். உடல்நலமுள்ள பிள்ளைகளிற் பெரும்பாலோர்க்குத் தொற்றியதே தெரியாது. சிலருக்குக் காய்ச்சல் சில கிழமை நின்று தானே தணியும். பின்னர் வைரசு உடலினுள் வாழ்நாளெல்லாம் உறங்கிக் கிடக்கும், நிர்ப்பீடனம் காவலிருக்கும்.

மருந்து இல்லாமலில்லை. நாளத்தில் ஏற்றுவது கன்சிக்ளோவிர். வாயால் உட்கொள்வது வல்கன்சிக்ளோவிர். இவை வைரசு பெருகுவதைத் தடுக்குமேயன்றி, உறங்குவதை வேரறுக்கமாட்டா. அன்றியும், என்பு மச்சையைத் தாக்கி வெண்குருதிக் கலங்களைக் குறைக்கக்கூடும். தானே அடங்கும் பகைவனுக்காகக் காவற்படையைக் குறைப்பது அறிவுடைமையாகுமா?

உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர்க்கும் நிர்ப்பீடனம் குன்றியோர்க்கும் இம்மருந்துகள் உயிர்காப்பன. கருவிலேயே தொற்றி, நோய்க்குறியோடு பிறந்த சிசுக்களுக்கு 6 மாதம் வல்கன்சிக்ளோவிர் கொடுத்தமை, 6 கிழமை மட்டும் கொடுத்ததைவிடச் செவிப்புலனுக்கும் வளர்ச்சிக்கும் ஓரளவு கூடிய நன்மை தந்ததென 2015 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நலமுள்ள பிள்ளைக்கும் அரிதாக நுரையீரலோ ஈரலோ மூளையோ கடுமையாகப் பாதிக்கப்படின், வைத்தியர் நன்மை தீமைகளைச் சீர்தூக்கி இவற்றைக் கொடுப்பதுண்டு. ஆகவே மூச்சுத் திணறல், மஞ்சட்காமாலை, வலிப்பு, மயக்கம் என்பன தோன்றின் ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க.

வீட்டிலே கர்ப்பிணி இருப்பின், சிறு பிள்ளைகளின் உமிழ்நீரையும் சிறுநீரையும் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் இன்றியமையாதது.

அந்த மாணவன் மறு மாதமே வகுப்புக்குத் திரும்பினான். மருந்தைத் தரத் தெரிவது கல்வி; தரவேண்டாத இடம் தெரிவது அறிவு. அவ்வைத்தியரிடம் இரண்டும் இருந்தன.