மலையேறும் குடித்தனம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் பேச வல்லாரும் இசைபாட வல்லாரும் நிறைந்த இம்மேடையில், ரயில்வே அலுவலகத்தில் பேரேடு புரட்டும் நம்மையும் பேசப் பணித்திருக்கிறார்கள் செயற்குழுவினர். காரணம் எளிது. நடுவண் அரசுப் பணி, வங்கிப் பணி, காப்பீட்டுப் பணி என்று பல வேலைகளில் இருக்கும் நம் காலனிக் குடும்பங்களுக்கு மாறுதல் உத்தரவு என்பது புதிய செய்தியன்று. அண்மையில் அவ்வுத்தரவுகளுள் சில தார்ஜிலிங்குக்கும் கர்சியாங்குக்கும் வந்திருக்கின்றன. பாலிகஞ்சின் சமநிலத்தில் பழகிய குடும்பம் மலையூருக்குக் குடிபெயரும்போது எவ்வாறு திட்டமிடுவது, எவ்வாறு பணத்தை ஒதுக்குவது என்பதைப் பற்றிச் சில சொல்ல முன்வந்தோம்.

நாம் சொல்ல வந்தது ஒரே செய்திதான். சமவெளியில் தூரத்தைக் கணக்கிட்டால் போதும். மலையில் படியைக் கணக்கிட வேண்டும். இதை மறந்த குடும்பம், அறுநூறு கிலோமீட்டரைக் குறைந்த செலவில் கடந்துவிட்டுக் கடைசி நூறு மீட்டரில் கடன்படும்.

இது இன்று நேற்று ஏற்பட்ட தொல்லையன்று. 1864 முதல் இந்திய அரசாங்கம் கோடைதோறும் கல்கத்தாவிலிருந்து சிம்லாவுக்குக் குடிபெயர்ந்தது. அதிகாரிகள் மட்டுமா போனார்கள்? கோப்புகளும் போயின, அவற்றைக் காக்கும் குமாஸ்தாக்களும் போனார்கள். கல்காவிலிருந்து சிம்லாவுக்கு ரயில்பாதை திறக்கப்பட்டது 1903-இல். அதற்கு முன்பு அத்தனை பெட்டிகளும் வண்டியிலும் மனிதர் முதுகிலுமே மலையேறின. ஆனால் அவர்கள் போனது அரசாங்கத்தின் செலவில். நம் குடும்பத்துக்கு அத்தகைய கருவூலம் இல்லை.

நமக்கு அருகிலுள்ள உதாரணம் தார்ஜிலிங் ரயில்பாதையே. பாலிகஞ்ச் நிலையத்தில் ஏறி சியால்தாவில் இறங்குகிறோமே, அந்த சியால்தாவை முனையமாகக் கொண்டிருந்த ஈஸ்டர்ன் பெங்கால் ரயில்வேயில் பிராங்க்ளின் பிரஸ்டேஜ் என்பவர் முகவராக இருந்தார். மலைக்கு ரயில் வேண்டும் என்று 1878-இல் அரசாங்கத்துக்குத் திட்டம் கொடுத்தவர் அவர்தாம். அவர் எடுத்துக்காட்டிய கணக்கு நம் காதில் என்றும் ஒலிக்கத் தக்கது. சிலிகுரியில் டன் 98 ரூபாய்க்கு விற்ற அரிசி, தார்ஜிலிங்கில் 238 ரூபாய்க்கு விற்றது. இடையிலுள்ள தொலைவோ ஐம்பது மைல் அளவே. அதே அரிசி, அதே மூட்டை. மலையேறியதும் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. 1879-இல் வேலை தொடங்கி 1881-இல் ரயில் தார்ஜிலிங்கை அடைந்தது. கூலி குறைந்தது, மலை குறையவில்லை. இன்று அந்தச் சிறு ரயில் பயணிகளை மட்டுமே ஏற்றிச் செல்கிறது. சரக்கு ஏற்றுவது 1993-இலேயே நின்றுவிட்டது. ஆகவே நம் கட்டிலும் பாத்திரமும் லாரியில்தான் மலையேற வேண்டும்.

இனிக் கணக்கிற்கு வருவோம். பயணத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஏடு எழுதுவது நலம்.

முதற் பகுதி, பாலிகஞ்சில் சாமான்களைக் கட்டி வண்டியில் ஏற்றுவது. இரண்டாவது, இங்கிருந்து சிலிகுரி வரையுள்ள நெடும்பயணம். ரயிலில் இது சுமார் 570 கிலோமீட்டர். மூன்றாவது, சிலிகுரியில் பெரிய லாரியிலிருந்து இறக்கிச் சிறிய லாரியில் மாற்றி மலைச்சாலையில் ஏறுவது. மலையூரின் உட்சாலைகளில் பெரிய லாரி திரும்பவும் இடம் இராது. ஆதலால் இம்மாற்றம் பெரும்பாலும் தவிர்க்க முடியாதது. நான்காவது, சாலையோரத்திலிருந்து வீட்டு வாசல் வரை படிக்கட்டில் சுமப்பது.

முதல் மூன்றுக்கும் மதிப்பீடு கேட்டால் எந்த லாரி அலுவலகமும் எழுதிக் கொடுக்கும். நான்காவதைப் பற்றி நாம் கேட்டாலொழிய எவரும் வாய் திறப்பதில்லை. "வீடு வரை" என்று அவர்கள் எழுதுவது, வண்டி நிற்கும் இடம் வரை என்றே பொருள்படும். கேட்க வேண்டிய கேள்வி இது: "சாலையிலிருந்து எத்தனை படி? அதற்கான சுமைகூலி இத்தொகையில் சேர்ந்ததா?" விடையை எழுத்தில் பெறுங்கள்.

அரசு விதிகளும் இவ்விடத்தில் கைகொடுப்பதில்லை. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைக்குப் பின், 2017 முதல், நடுவண் அரசு ஊழியருக்கு 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மாறுதலில் அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவிகிதம் மாறுதல் மானியமாகக் கிடைக்கிறது. அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால் மானியம் 32,000 ரூபாய். சாமான்களைக் கொண்டு செல்லும் செலவுக்குக் கிலோமீட்டர் கணக்கில் விகிதம் வைத்திருக்கிறார்கள். நம்மைப் போன்ற ரயில்வே ஊழியருக்குக் கிட் பாஸ் உண்டு. அது நிலையத்தோடு நின்றுவிடுகிறது. 150 படிகளைக் கிலோமீட்டரில் அளந்தால் நூறு மீட்டர்கூட வராது. உயரத்தில் அளந்தாலோ ஏறக்குறைய 25 மீட்டர். மின்தூக்கி இல்லாத எட்டு மாடிக்குச் சமம். விதி தூரத்துக்குப் பணம் கொடுக்கிறது. சுமையாள் உயரத்துக்குக் கூலி கேட்கிறார். அவர் கேட்பது நியாயமே.

அந்தச் சுமையாளரைப் பற்றியும் ஒரு சொல். நெற்றியில் பட்டையை மாட்டி, முதுகில் முழுப் பாரத்தையும் தாங்கி ஏறுகிறவர்களில் பெண்களும் உண்டு. பேரம் பேசுவதில் நம்மவர் வல்லவர்கள். கறிகாய்க் கடையில் காட்டும் அத்திறமையைப் படிக்கட்டில் காட்ட வேண்டாம். முன்கூட்டியே கூலியைப் பேசி, பேசியதைக் குறையாமல் கொடுத்து, வெந்நீரும் தேநீரும் கொடுத்து அனுப்புவது நம் பண்புக்கு அழகு. புதிய ஊரில் நமக்கு முதலில் அறிமுகமாகும் மனிதர் அவரே.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். இதில் வரும் எண்கள் முறையை விளக்க நாமே வைத்துக் கொண்டவை. உண்மை விலையை அவ்வூரில் கேட்டறிய வேண்டும். வீட்டுச் சாமான் 2,000 கிலோ. ஒரு சுமை 40 கிலோ. ஆக 50 சுமை. சுமைக்கு 150 ரூபாய் என்றால் 7,500 ரூபாய். சாமானை 1,200 கிலோவாகக் குறைத்தால் 30 சுமை, 4,500 ரூபாய். இங்கே குறைத்த ஒவ்வொரு சுமையும் லாரியிலும் ஒரு முறை மிச்சம், படியிலும் ஒரு முறை மிச்சம். அடுத்த மாறுதலில் இறங்கும்போது மீண்டும் ஒரு முறை மிச்சம்.

எதை விடுவது, எதைக் கொண்டு செல்வது? பெரிய இரும்பு பீரோவை முதலில் எண்ணிப் பாருங்கள். நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று பாட்டனார் காலத்து பீரோவை ஆசையோடு மலைக்கு ஏற்றியது. படிக்கட்டின் திருப்பத்தில் அது வளையவில்லை. மூன்று நாள் சாலையோரத்தில் தார்ப்பாய்க்கடியில் நின்று, கடைசியில் கேட்ட விலைக்குப் போயிற்று. பிரித்துப் பூட்டக் கூடிய கட்டில் நல்லது. பஞ்சு மெத்தை மலையின் ஈரத்தை உறிஞ்சிப் பூசணம் பிடிக்கும். அதை உறவினரிடம் விட்டுச் செல்லலாம். ஆட்டுக்கல்லும் அம்மியும் பாலிகஞ்சிலேயே இருக்கட்டும். சிறிய மின் அரவை இயந்திரம் போதும்.

தாய்மார்களுக்கு இரண்டு செய்திகள். தார்ஜிலிங் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது; கர்சியாங் சுமார் 1,450 மீட்டர். காற்றின் அழுத்தம் குறைவதால் தார்ஜிலிங்கில் தண்ணீர் ஏறக்குறைய 93 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு எளிதில் குழையாது, எரிவாயு வீணாகும். ஆகவே எதை மறந்தாலும் பிரஷர் குக்கரை மறவாதீர்கள். மாற்று வளையம் இரண்டும் உடன் இருக்கட்டும். அடுத்தது, குளிரில் இட்லி மாவு எளிதில் பொங்காது. பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி அடுப்பங்கரையில் வைத்து, பாலிகஞ்சில் ஆகும் நேரத்தைப் போல் இரு மடங்குக்கு மேலும் பொறுத்திருக்க வேண்டும். முதல் வாரம் இட்லி எதிர்பார்க்க வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி, வீடு பார்ப்பது. "ஆழம் அறியாமல் காலை விடாதே" என்பது பழமொழி. மலையூருக்கு இது நேர்ப்பொருளிலேயே பொருந்தும். சாலைக்குக் கீழே இறங்க இறங்க வாடகை குறையும். இதைக் கண்டு மயங்கலாகாது. சாலையோர வீட்டுக்கு மாதம் 9,000 ரூபாய், 150 படி கீழேயுள்ள வீட்டுக்கு 7,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். மிச்சம் 2,000 ரூபாய் என்று தோன்றும். நிறைந்த எரிவாயு உருளை ஒன்று சுமார் 30 கிலோ. அதைச் சுமக்க 150 ரூபாய். அரிசி, மளிகை நான்கு தடவை, 400 ரூபாய். ஆக 550 ரூபாய் போயிற்று. மழைக்கு முந்திய வறண்ட மாதங்களில் தார்ஜிலிங்கில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு. நகருக்கு நீர் தரும் சிஞ்சல் ஏரிகள் 1910-இலும் 1932-இலும் அமைக்கப்பட்டவை. ஊரோ அதற்குப் பின் பெரிதும் வளர்ந்துவிட்டது. தண்ணீரை விலைக்கு வாங்கிச் சுமக்க நாளொன்றுக்கு 50 ரூபாய் என்றால் மாதம் 1,500 ரூபாய். மொத்தம் 2,050 ரூபாய். வறண்ட மாதத்தில் மிச்சம் முழுவதும் கரைந்து கைப்பணமும் 50 ரூபாய் போகிறது.

மற்ற மாதங்களில் மிச்சம் உண்டே என்பீர்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் முழங்கால் நோவுள்ள பாட்டியார் இருந்தால், அவ்வீட்டில் குடிபுகுந்த நாள் முதல் கோயிலும் இல்லை, கடைத்தெருவும் இல்லை, மருத்துவரிடம் போவதும் பிறர் தோளில்தான். அந்தச் செலவை எழுதுவதற்கு எந்தப் பேரேட்டிலும் இடம் இல்லை. ஆகவே வாடகை பேசுவதற்கு முன் குடும்பத்தில் மிக முதியவர் யார் என்று எண்ணுங்கள். அவர் ஏறி இறங்கக் கூடிய படிகளின் எண்ணிக்கையே உங்கள் வீட்டின் எல்லை.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையில் கடுமழை. சரிவு விழுந்தால் லாரி நடுவழியில் நிற்கும், நின்ற நாளுக்கும் வாடகை ஏறும். மழைக்காலம் முடிந்தது என்று எண்ணிய 1968 அக்டோபரில் தார்ஜிலிங் சாலை பல இடங்களில் அறுந்தது. 2010-இல் பாக்லாஜோரா அருகே விழுந்த சரிவால் சிறு ரயிலின் முழுவழிப் பயணம் 2015 இறுதி வரை நின்றிருந்தது. நவம்பர் மாதம் நமக்கு ஏற்றது. மலைப் பள்ளிகளில் பல, குளிர்காலத்தில் நீண்ட விடுமுறை விட்டு, பிப்ரவரி, மார்ச் வாக்கில் புதிய வகுப்பைத் தொடங்குகின்றன. ஆதலால் குடும்பத் தலைவர் முதலில் தனியே சென்று, வாடகை அறையில் தங்கி, வீடு தேடி, படி எண்ணி, தண்ணீர் வரும் நேரம் விசாரித்து வைக்கலாம். ரயில்வே குடியிருப்பில் இருப்போர் மாறுதலுக்குப் பின் இரண்டு மாதம் வழக்கமான வாடகையிலேயே வீட்டை வைத்துக் கொள்ளலாம். பிள்ளைகளின் படிப்பு, நோய் முதலிய காரணங்களுக்கு அனுமதி பெற்றுக் கூடுதல் வாடகையில் நீட்டிக்கலாம். இவ்விதி எவ்வளவோ குடும்பங்களுக்கு மூச்சுவிட இடம் கொடுத்திருக்கிறது.

பணத்தைப் பொறுத்தவரை ஒரு கட்டுப்பாடு. கையிலுள்ள தொகையில் நாலில் ஒரு பங்கைத் தனி உறையில் இட்டு, மலைச்சாலையில் கடைசிச் சாமான் இறங்கும் வரை அதைத் தொடாதீர்கள். படிக்கூலி, வீட்டு முன்பணம், கம்பளி உடை, முதல் மாதத் தண்ணீர் ஆகிய நான்கும் அவ்வுறையிலிருந்தே வர வேண்டும். சிலிகுரியில் அவ்வுறையைப் பிரித்தவர் மலையில் கைமாற்றுக்கு ஆள் தேடுவார். அங்கே நம்மை அறிந்தவர் எவர்?

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். மலைக்குச் சென்று திரும்பிய குடும்பங்கள், தாம் குடியிருந்த பகுதி, படிகளின் எண்ணிக்கை, தண்ணீர் வசதி, கொடுத்த கூலி ஆகியவற்றை ஓர் ஏட்டில் எழுதிச் சங்கத்தில் வைத்தால், அடுத்துப் போகும் குடும்பத்துக்கு அது பெருந்துணையாகும். இங்கே விட்டுச் செல்லும் கட்டிலையும் ஆட்டுக்கல்லையும் புதிதாகப் பாலிகஞ்சுக்கு வரும் தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுக்கச் சங்கம் வழி செய்தால், போகிறவர் பாரமும் குறையும், வருகிறவர் செலவும் குறையும். இவ்விரண்டுக்கும் வேண்டியது ஓர் ஏடும் ஓர் அலமாரியும் மட்டுமே.