செயலியின் மறுமுனையில் யார்?

 

மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் வீடு திரும்பும் பெண்ணுக்குக் கைபேசிச் செயலி எவ்வாறு துணைநிற்கலாம் என்பதை ஆராய இக்கருத்தரங்கில் நாம் கூடியிருக்கிறோம். 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 23 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டது. இந்தியாவில் மட்டும் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பேர். இவர்களில் பெரும்பாலோருக்கு அறுவையும் சிகிச்சையின் ஒரு பகுதி.

அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. வார்டில் இருப்பது சில நாட்கள். எஞ்சிய குணமடைதல் முழுவதும் வீட்டில்தான் நடக்கிறது. வடிகுழாயோடு வீட்டுக்குப் போகும் பெண், குடுவையில் சேரும் நீரை ஒவ்வொரு நாளும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். 24 மணி நேர அளவு ஏறத்தாழ 30 மில்லிக்குக் கீழே இறங்கியபின் குழாயை எடுப்பது பல மருத்துவமனைகளின் வழக்கம். காய்ச்சல், தையலைச் சுற்றிச் சிவத்தல், திடீரென்று கூடும் வீக்கம், குழாயில் புது ரத்தம் ஆகிய ஒவ்வொன்றையும் அவரே கண்டுகொள்ள வேண்டும். தோள் பயிற்சியையும் விட்டுவிட முடியாது. கையைத் தலைக்குமேல் தூக்க முடியாவிட்டால் கதிர்வீச்சு சிகிச்சைக்கு உரிய நிலையில் படுக்கவே இயலாது. தோள் இறுகினால் அடுத்த சிகிச்சையே தள்ளிப்போகக்கூடும்.

இந்த நாட்களில் எழும் கேள்விகள் எளியவை. குழாயில் வருவது ஏன் சிவப்பாக இருக்கிறது? குளிக்கலாமா? கையைத் தூக்கினால் தையல் பிரிந்துவிடுமா? விடை தெரிந்தவர்கள் காலையில் வெளிநோயாளர் பிரிவில் இருக்கிறார்கள். கேள்வி எழுவதோ இரவு ஒன்பது மணிக்கு, நூறு கிலோமீட்டருக்கு அப்பால். அறுவைச் செலவைக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டாலும், ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வந்துபோகும் பேருந்துக் கட்டணமும் துணைக்கு வருபவர் இழக்கும் நாள்கூலியும் குடும்பத்தின் தலையில்தான் விழுகின்றன. இந்த இடைவெளியைக் குறைக்க முடியும் என்பதால்தான் செயலியைப் பற்றிப் பேசுகிறோம்.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. கனடாவின் டொரான்டோ நகரிலுள்ள உமன்ஸ் காலேஜ் மருத்துவமனையில், மார்பக மறுசீரமைப்பு அறுவை செய்துகொண்ட 65 பெண்களை இரு குழுக்களாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2017இல் ஜாமா சர்ஜரி இதழில் வெளியாயின. ஒரு குழுவினர் வழக்கம்போல நேரில் வந்தார்கள். மற்றொரு குழுவினர் வலியின் அளவையும் உடல்நிலை பற்றிய விடைகளையும் காயத்தின் படங்களையும் செயலி வழியே அனுப்பினார்கள். முதல் 30 நாட்களில் செயலிக் குழுவினர் மருத்துவமனைக்கு வந்த முறைகள் குறைந்தன, சிக்கல்கள் கூடவில்லை. இந்த முறை தங்களுக்கு வசதியாக இருந்தது என்று அவர்கள் கூறினார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. செயலிக் குழுவினர் மருத்துவக் குழுவுக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் கூடியிருந்தன. என் உரையின் மையம் இதுதான். செயலி வந்ததும் கவனிக்கும் வேலை தீர்ந்துபோவதில்லை; வெளிநோயாளர் பிரிவிலிருந்து வேறோர் இடத்துக்கு அது நகர்கிறது. அங்கே அதை ஏற்றுக்கொள்ள ஒருவர் இருந்தாக வேண்டும்.

அறுவைக்கு வெளியிலிருந்தும் ஒரு சான்று தருகிறேன். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில், நோய் பரவிய நிலையில் கீமோதெரபி பெற்ற 766 பேரிடம் மருத்துவர் ஈதன் பாஷ் குழுவினர் நடத்திய ஆய்வு அது. மார்பகப் புற்றுநோயாளிகளும் அதில் இருந்தார்கள். தம் உடல்நிலையை இணையம் வழியே பதிவுசெய்தவர்களின் இடைநிலை வாழ்நாள் 31.2 மாதங்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதங்கள். அறிகுறி முற்றியதாகப் பதிவானதும் செவிலியருக்கு எச்சரிக்கை போனது. அவர் அதைப் பார்த்தார், நோயாளியைக் கூப்பிட்டார், மருந்தை மாற்ற வழிசெய்தார். அந்தச் செவிலியரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது யாரும் படிக்காத பதிவேடு.

பதில் வராத செயலி, செயலியே இல்லாததைவிடக் கெடுதல் என்பது என் உறுதியான கருத்து. படத்தை அனுப்பிவிட்ட பெண், மருத்துவர் பார்த்திருப்பார் என்று நம்பிக் காத்திருப்பார். அந்த நம்பிக்கையிலேயே சீழ் பிடித்த காயத்தோடு இரண்டு நாள் கடந்துவிடும்.

நம் ஊர் நிலைமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த இந்தியப் பெண்கள் 54 சதவீதம். ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் மூன்றில் ஒரு பங்கினர். இது 15 முதல் 49 வயதுவரை உள்ளவர்களின் கணக்கு. நம் நோயாளிகளில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஆகவே ஸ்மார்ட்போன் இல்லாதவருக்குச் சாதாரணத் தொலைபேசி அழைப்பும், எழுத்து வாசிக்காதவருக்குப் பேச்சுத் தமிழில் குரல் வழிகாட்டலும் அதே திட்டத்துக்குள் இருக்க வேண்டும்.

பல வீடுகளில் கைபேசி கணவருடையது அல்லது மகனுடையது. மார்பில் உள்ள காயத்தின் படம் அந்தக் கைபேசியின் கேலரியில் போய்த் தங்கக்கூடாது. செயலிக்குள் எடுத்த படம் செயலிக்குள்ளேயே நேராகச் சென்றுசேர வேண்டும். யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பதை முதலிலேயே சொல்லி அவரது ஒப்புதலைப் பெற வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அவரது மானத்தைக் காப்பது சட்டம் சொல்லாமலே நம் கடமை.

துணை ஒரு மாதத்தில் முடிந்துவிடக்கூடாது என்பதையும் வலியுறுத்துகிறேன். மார்பகப் புற்றுநோய் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குக் கையில் நிணநீர் வீக்கம் வருவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் லான்செட் ஆன்காலஜி இதழில் வெளியான கட்டுரை காட்டியது. அது இரண்டு ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம். கையின் சுற்றளவை அளக்க நினைவூட்டவும், வீங்கத் தொடங்கும்போதே பிசியோதெரபி நிபுணரிடம் அனுப்பவும் செயலி நல்ல கருவி. ஆனால் பயாப்சி அறிக்கையின் முடிவைத் திரையில் அனுப்பாதீர்கள். அதை எதிரே உட்கார்ந்து, கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கி நாம்தான் சொல்ல வேண்டும்.

இங்கே கட்டுரை வாசிக்கவிருக்கும் அனைவருக்கும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. எத்தனை பேர் செயலியைப் பதிவிறக்கினார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எத்தனை எச்சரிக்கைகள் வந்தன, அவற்றை யார் பார்த்தார்கள், எவ்வளவு நேரத்தில் பதில் போனது, பாதியில் விலகியவர்கள் யார், ஏன் விலகினார்கள் என்பதையும் சொல்லுங்கள். நம் வழியை இந்த விவரங்கள்தான் காட்டும்.

நிறைவு அமர்வில் ஒரு தீர்மானத்தை முன்மொழிய விரும்புகிறேன். செயலித் திட்டம் எதுவானாலும் அதன் நிதி ஒதுக்கீட்டில் முதல் வரி, எச்சரிக்கைகளுக்குப் பதில் சொல்லும் பயிற்சிபெற்ற செவிலியரின் ஊதியமாக இருக்கட்டும். இரவுப் பணிக்கும் விடுமுறை நாளுக்கும் ஆள் உறுதியான பிறகு மென்பொருளை எழுதத் தொடங்கலாம். இத்தீர்மானத்தைச் சீர்தூக்கிப் பார்த்து, திருத்த வேண்டியதைத் திருத்தி, நிறைவேற்றித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கை மகிழ்ச்சியோடு தொடங்கிவைக்கிறேன்.