நோயின் பெயரைப் பிரித்தறிதல்



தமிழகத்துக்கு வெளியே வாழும் நம்மவர்க்கு, மருத்துவர் பேசும் மொழி ஊருக்கு ஊர் வேறுபடும். ஆயின் அவர் எழுதித் தரும் நோயின் ஆங்கிலப் பெயர் எங்கும் ஒன்றே. அப்பெயர்களுள் பல கிரேக்கச் சொல்லுறுப்புகளால் ஆனவை. பகுபதத்தைப் பகுதி, விகுதி எனப் பிரித்துப் பழகிய நமக்கு அவற்றைப் பிரிப்பது அரிதன்று.

‘ஹெப்பட்’ என்பது கல்லீரல்; ‘நெப்ர்’ சிறுநீரகம்; ‘காஸ்ட்ர்’ இரைப்பை. ஈற்றில் ‘ஐடிஸ்’ வந்தால் அழற்சி. ஆகவே ஹெப்படைடிஸ் கல்லீரல் அழற்சி. நெப்ரைடிஸ் சிறுநீரக அழற்சி. ‘எக்டமி’ என முடிந்தால் அறுத்து அகற்றுதல். ‘ஆட்டமி’ என முடிந்தால் கீறித் திறத்தல். காஸ்ட்ரெக்டமியும் காஸ்ட்ராட்டமியும் ஒன்றல்ல.

சொல்லின் முன்னுறுப்பில் மிகுந்த கவனம் வேண்டும். ‘ஹைப்பர்’ மிகுதி, ‘ஹைப்போ’ குறைவு. குருதியில் சர்க்கரை மிகுவது ஹைப்பர்கிளைசீமியா, குறைவது ஹைப்போகிளைசீமியா. நீரிழிவுடையார் ஒருவர் சர்க்கரை குறைந்து தளரும்போது, விழுங்கும் நிலையில் இருப்பின் உடனே இனிப்பு அளிப்பதே முதலுதவி. ஓரெழுத்தை மாற்றிக் கேட்டவர் இனிப்பைத் தடுத்து, இன்சுலினைச் செலுத்திவிடின் உயிர்க்கே கேடாகும்.

ஆதலின் சீட்டைப் பெற்றதும் நோயின் பெயரை உறுப்புறுப்பாகப் பிரித்து வாசியுங்கள். மிகுதியா, குறைவா என்பதை மருத்துவரிடமே கேட்டுத் தெளிந்து, பொருளைத் தமிழில் எழுதி வீட்டில் வையுங்கள்.